முதலில் "இது விஷமா?", அப்புறம்தான் "இது என்ன?"

ஆட்டத்தில் பாழடைந்த கோபுரம் ஒன்றில் உங்கள் பார்ட்டிக்கு (சேர்ந்து ஆடும் குழுவுக்கு) பெயர்ச்சீட்டு இல்லாத ஐந்து குப்பிகள் கிடைத்திருக்கின்றன. இரண்டு சிவப்பு, ஒன்று கலங்கிய பச்சை, ஒன்று கறுப்புக் கோடு ஓடும் மஞ்சள், ஒன்று பார்த்தால் காலி. "ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் போதும், என்ன போஷன் (மந்திரப் பானம்) என்று தெரிந்துவிடும்" என்கிறார் கூட ஆடுகிறவர். "அப்படியென்றால் விஷக் குப்பி யாரைத்தான் ஏமாற்றும்? குடிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது உங்கள் கேள்வி. நீங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதைப் பாத்திர ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

அவர் சொன்னது பொய் இல்லை. ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டருக்கான (சுருக்கமாக டிஎம்) விதிப்புத்தகமான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின்படி மந்திரப் பொருள் எதுவானாலும் அதை அறிய இரண்டு பொது வழிகள் உண்டு. பொருளை அடையாளம் காட்டும் ஐடென்டிஃபை மந்திரம் போடலாம். இல்லையென்றால் ஒரு ஷார்ட் ரெஸ்ட் முழுக்க, அதாவது ஒரு மணி நேரமாவது, அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிலேயே கவனமாக உட்கார்ந்திருக்கலாம். போஷனுக்கு மட்டும் சலுகை: கொஞ்சம் ருசி பார்த்தாலே அது என்ன செய்யும் என்று தெரிந்துவிடும்.

அதே புத்தகத்தில்தான் போஷன் ஆஃப் பாய்சன் இருக்கிறது. பார்வை, வாசனை, ருசி மூன்றிலும் அது காயம் ஆற்றும் ஹீலிங் போஷன் மாதிரியோ வேறு நல்ல போஷன் மாதிரியோ இருக்கும். உள்ளே இருப்பது மாயத்தால் மூடிய விஷம். அதாவது, நாக்கை நம்பலாம் என்று ஒரு விதி, நாக்கை ஏமாற்றவே ஒரு குப்பி. இரண்டும் முரண் இல்லை. நாம்தான் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். "இது விஷமா?" என்பது ஒரு கேள்வி. "இது என்ன போஷன்?" என்பது இன்னொன்று. நாக்கு இரண்டாவதற்குத்தான் பதில் சொல்லும். முதல் கேள்வியை வேறு யாரிடமாவது கேட்டு முடித்த பிறகுதான் நாக்கிடம் போக வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. அந்தக் குப்பியைக் குடித்தவுடன் 3டி6 டேமேஜ், அதாவது ஆறு பக்கப் பகடை மூன்றை உருட்டி வரும் கூட்டுத்தொகை அளவு பாதிப்பு. அதற்கு சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) கிடையாது. அப்புறம் டிசி 13 (சேவ் எட்ட வேண்டிய எண்) கான்ஸ்டிடியூஷன் (உடல் வலு) சேவ், தவறினால் ஒவ்வொரு முறை உங்கள் டர்ன் தொடங்கும்போதும் மறுபடி 3டி6. டர்ன் முடிவில் ஒவ்வொரு முறை சேவ் ஜெயிக்கும்போதும் ஒரு பகடை குறையும், எல்லாப் பகடையும் போனால்தான் விஷம் இறங்கும். முதல் லெவல் விசார்டுக்கு (புதிதாகத் தொடங்கும் மந்திரவாதிக்கு) 8 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) என்று வையுங்கள். மூன்று பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ நூற்றுக்கு 84 வாய்ப்பு. 16ஐத் தொட்டால், அதாவது அந்த 8 போக மிச்சமும் 8 என்றால், விழுவதோடு நிற்காது, அந்த இடத்திலேயே சாவு. சரி, அது நடக்கவில்லை, சும்மா மயங்கிக் கிடக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த டர்னில் விஷம் திரும்ப வரும். 0 ஹிட் பாயின்ட்டில் கிடப்பவருக்கு ஒரே அடியில் அவருடைய முழு ஹிட் பாயின்ட் அளவு டேமேஜ் வந்தால் நேரடி மரணம். சாவிலிருந்து தப்ப உருட்டும் டெத் சேவ் போடும் பேச்சுக்கே இடமில்லை. ஆட்டக் கணக்கில் பன்னிரண்டு வினாடிக்குள் ஒரு கேரக்டர் ஷீட்டை (பாத்திரத்தின் விவரத்தாளை) கிழிக்க வைக்கும் பொருளுக்கு, அபூர்வத்தில் இரண்டாவது படியான "அன்காமன்" என்று பெயர்.

இனி கண்ணிலிருந்து ஆரம்பிப்போம். பல டிஎம்கள் "ஒரு குப்பி கிடைத்தது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் புத்தகத்தில் அநேகமாக ஒவ்வொரு போஷனுக்கும் ஒரு தோற்றம் எழுதியிருக்கிறது, அதுவும் ரசித்து எழுதியது. ஹீலிங் போஷன் சிவப்பு, ஆட்டினால் மினுமினுக்கும். ஃப்ளையிங் போஷன் குப்பியின் அடியில் தங்காது, மேலே ஏறி மிதக்கும். க்ளைம்பிங் போஷனில் பழுப்பு, வெள்ளி, சாம்பல் என்று பாறை மாதிரி அடுக்குகள், எவ்வளவு குலுக்கினாலும் கலக்காது. மைண்ட் ரீடிங் அடர்ந்த ஊதா, நடுவில் முட்டை வடிவில் இளஞ்சிவப்பு மேகம். ஜயன்ட் ஸ்ட்ரெங்த் போஷனுக்குள் அந்தந்த ராட்சசனின் நகத்துணுக்கு மிதக்கும். லாங்கெவிட்டி போஷனில் தேள் கொடுக்கு, பாம்புப் பல், செத்த சிலந்தி, கூடவே இன்னும் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு குட்டி இதயம். ஆயுளைக் கூட்டுவது அதுதான், பார்த்தால் எவனும் தொடமாட்டான். க்ரோத்துக்கும் டிமினியூஷனுக்கும் கிட்டத்தட்ட ஒரே தோற்றம். முன்னதில் சிவப்புப் புள்ளி விரியும், பின்னதில் சுருங்கும். உற்றுப் பார்க்காதவன் பெரிதாக ஆசைப்பட்டுச் சிறிதாகிப் போவான்.

உங்கள் ஐந்தில் மூன்று இப்படியே பிடிபட்டுவிடும். காலியாகத் தெரிந்தும் கையில் எடுத்தால் கனம் தெரிகிறதா? இன்விசிபிலிட்டி. மஞ்சளில் கறுப்புக் கோடு தானாகச் சுழன்றால் ஸ்பீட். கலங்கிய பச்சையில் கடல் வாசனையும் ஜெல்லி மீன் மாதிரி ஒரு குமிழும் இருந்தால் வாட்டர் ப்ரீதிங். ஆனால் இதெல்லாம் ஊகம் மட்டுமே. நல்ல போஷன் எதன் வேஷத்தையும் விஷம் போட்டுக்கொள்ளும் என்று மேலே சொன்னேன் அல்லவா.

மூக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குப்பியில் இருப்பதெல்லாம் போஷனாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. மந்திரமே இல்லாத சாதாரண விஷங்களும் குப்பியில்தான் வரும். அவை நாலு வகை: தொட்டால் ஏறுவது, வயிற்றுக்குள் போனால் ஏறுவது, மூச்சில் ஏறுவது, காயத்தில் ஏறுவது. மாலிஸ் என்றொரு விஷம் மூச்சில் ஏறும் ரகம். டிசி 15 சேவ் தவறினால் ஒரு மணி நேரம் கண் தெரியாது. ஆகவே மூடியைத் திறந்து மூக்குக்கிட்டே கொண்டுபோவதே சிலசமயம் குடிப்பதற்குச் சமம். ஆயில் ஆஃப் டாகிட் என்ற விஷம் தோலில் பட்டாலே ஆளைச் சாய்த்துவிடும். குப்பியின் வெளிப்புறத்தில் தடவி வைத்தால்? நான் வைத்திருக்கிறேன். கையுறை போட்ட ஒருத்தர் மட்டும் நின்றார்.

இங்கேதான் மந்திரம் இருப்பதைக் காட்டும் டிடெக்ட் மேஜிக் உதவும். ரிச்சுவலாக (நிதானமான சடங்காக) போட்டால் ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போட உள்ள அளவான ஒதுக்கீடு) போகாது, பத்து நிமிஷம் கூடும், அவ்வளவுதான். மந்திர ஒளி தெரியாத குப்பி போஷனே இல்லை. போஷன் இல்லை என்றால் ருசிச் சலுகையும் அதற்குக் கிடையாது. அதை நக்கிப் பார்க்கிறவர் எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை, வாங்கிக்கட்டிக்கொள்வது மட்டும்தான் மிச்சம். ஒளி தெரிந்தால் எந்தப் பள்ளி (மந்திரப் பிரிவு) மந்திரம் என்றும் தெரியலாம். போஷன்களுக்குப் பள்ளி எது என்று ஐந்தாம் பதிப்பு பட்டியல் போடவில்லை, டிஎம் முடிவு. என் மேஜையில் சிவப்புக் குப்பியில் இல்லூஷன் (மாயத் தோற்றப் பிரிவு) ஒளி தெரிந்தால் அது பாய்சன்தான். இன்விசிபிலிட்டியும் இல்லூஷன் பள்ளி என்பதால் காலிக் குப்பியில் அதே ஒளி தெரிவது இயல்பு. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சரி, முதல் கேள்விக்கு நேர் பதில் தருவது டிடெக்ட் பாய்சன் அண்ட் டிசீஸ். முதல் லெவல் மந்திரம், க்ளெரிக், ட்ரூயிட், பாலடின், ரேஞ்சர் என்ற நான்கு பாத்திர வகைகளுக்கும் உண்டு. முப்பது அடிக்குள் விஷம் எங்கே, என்ன வகை என்று சொல்லிவிடும். க்ளெரிக்கும் ட்ரூயிட்டும் அன்றைக்கு அதைத் தயார் செய்து வைத்திருந்தால் ரிச்சுவலாகப் போடலாம், ஸ்லாட் மிச்சம். பாலடினும் ரேஞ்சரும் ஸ்லாட் செலவழிக்க வேண்டியதுதான். இதன் அருமை இதுதான்: ஐடென்டிஃபை ஒரு தடவைக்கு ஒரு குப்பி. ரிச்சுவலாகப் போட்டால் தலைக்குப் பதினோரு நிமிஷம், ஐந்து குப்பிக்கு 55 நிமிஷம். டிடெக்ட் பாய்சன் ஒரே வீச்சில் அலமாரி முழுவதையும் பார்த்துவிடும். விஷத்தை ஒதுக்கிவிட்டால் மிச்சத்தை தைரியமாக நாக்கில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மலிவான சோதனையைச் சேர்த்தால் ஒரு விலையுயர்ந்த சோதனையின் வேலை நடந்துவிடுகிறது. எங்கள் பார்ட்டியில் இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது.

ஒரு ஓட்டை உண்டு. மெல்லிய ஈயத் தகடு, ஒரு அங்குல உலோகம், ஓர் அடிக் கல், மூன்று அடி மரம் அல்லது மண், இவை குறுக்கே இருந்தால் அந்த மந்திரம் பார்க்காது. பெட்டியில் இருக்கும்போதே பார்த்துவிட்டு "விஷம் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். குப்பிகளை வெளியே எடுத்து வரிசையாக வைத்துவிட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு சண்டையும் உண்டு. போஷன் ஆஃப் பாய்சனின் குறிப்பில் "ஐடென்டிஃபை உண்மையைக் காட்டும்" என்று மட்டும் எழுதியிருப்பதால், வேறு எந்த மந்திரமும் காட்டாது என்று வாதிடும் டிஎம்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மாயம் மூடுவது பார்வை, வாசனை, ருசி மூன்றைத்தான். விஷத்தை உணரும் மந்திரம் இந்த மூன்றின் வழியாகவும் வேலை செய்வதில்லை. குப்பிக்குள் இருப்பது விஷம், மந்திரம் விஷத்தைக் காட்டும், முடிந்தது. ஆனாலும் ஆட்டம் தொடங்குமுன் உங்கள் டிஎம்மிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செத்த பிறகு விதி பேசினால் கேட்க ஆள் இருக்காது.

ஐடென்டிஃபைக்கு 100 பொற்காசு மதிப்புள்ள முத்தும் ஓர் ஆந்தை இறகும் வேண்டும். முத்து கரைந்துபோகாது, ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் இருக்கும். விசார்ட் கையில் முத்து இருந்தால் சந்தேகக் குப்பிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

மந்திரம் போட ஆளே இல்லாத பார்ட்டியா? 2017இல் வந்த சானதர்ஸ் கைட் டு எவ்ரிதிங் என்ற விதிப்புத்தகத்தில் கருவித் திறமைகளுக்கு டிசி கொடுத்திருக்கிறார்கள். விஷத்தை அடையாளம் காண ஆல்கெமிஸ்ட் கருவிகளுக்கு டிசி 10, மூலிகைப் பெட்டிக்கு 20. பானத்தில் விஷம் கலந்திருக்கிறதா என்று சாராயம் காய்ச்சுபவரின் கருவிகள் வைத்திருப்பவர் டிசி 10இல் சொல்வார், சாப்பாட்டில் என்றால் சமையல்காரர் டிசி 15இல். பாய்சனர்ஸ் கிட் வைத்திருப்பவருக்கு விஷம் தடவிய பொருளைக் கண்டுபிடிக்க 10, அந்த விஷம் என்ன செய்யும் என்று சொல்ல 20. கேரக்டர் உருவாக்கும்போது "இது எதுக்கு" என்று எல்லோரும் ஒதுக்கும் கருவிகள் இவை. மாயத்தால் மூடிய போஷனுக்கு இவை செல்லுமா என்பது மறுபடி டிஎம் கையில். நான் டிசியை ஐந்து கூட்டிவிட்டு அனுமதிப்பேன்.

செய்யக் கூடாதவை மூன்று. ஒன்று, ப்யூரிஃபை ஃபுட் அண்ட் ட்ரிங்கை நம்புவது. அது மந்திரமில்லாத உணவையும் பானத்தையும்தான் சுத்தம் செய்யும். விருந்தில் ஒயினில் கலந்த விஷம் போய்விடும், போஷன் ஆஃப் பாய்சன் அப்படியே இருக்கும். இரண்டு, தெரிந்த போஷனோடு தெரியாததைக் கலந்து "என்ன ஆகிறது பார்ப்போம்" என்பது. போஷன் கலப்புக்கென்று ஒரு விருப்ப அட்டவணை இருக்கிறது. நூறில் ஒன்று வெடிக்கும், கலந்தவருக்கு 6டி10 டேமேஜ். நூறில் ஏழு, கலவையே விஷமாகிவிடும். நல்ல போஷன் இரண்டைக் கலந்து விஷம் தயாரித்த பெருமை உங்களுக்கு வேண்டாம். மூன்று, கோழிக்கோ எலிக்கோ கொடுத்துப் பார்ப்பது. மிட்நைட் டியர்ஸ் என்ற விஷம் நள்ளிரவு வரை எதுவுமே செய்யாது. மத்தியானம் குடித்த கோழி சாயங்காலம் கொக்கரித்துக்கொண்டுதான் இருக்கும். அதை நம்பி எல்லோரும் குடித்தால் ராத்திரி பன்னிரண்டுக்கு 9டி6.

ஒரு சொட்டு விஷத்தை நக்கினால் டேமேஜ் வருமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் ஏறும் விஷங்களைப் பற்றி கைட் சொல்வது: முழு அளவையும் விழுங்கினால்தான் பாதிப்பு, அளவில் ஒரு பங்கை மட்டும் விழுங்கினால் விளைவைக் குறைக்கலாமா என்பது டிஎம் விருப்பம். அந்த நியாயத்தை போஷன் ஆஃப் பாய்சனுக்கும் நீட்டி, சொட்டு நக்கினவருக்கு என் மேஜையில் டேமேஜ் இல்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு பொய்: "இது ஹீலிங்." அது டேமேஜைவிட மோசம், ஏனென்றால் அவர் அந்தக் குப்பியைப் பத்திரமாக இடுப்பில் சொருகி, 3 ஹிட் பாயின்ட்டில் இருக்கும்போது எடுத்துக் குடிப்பார்.

டிஎம் தரப்பில் ஒரு சொல். பல வருஷம் முன்பு முதல் லெவல் பார்ட்டிக்கு எந்தத் துப்பும் தராமல் ஒரு விஷக் குப்பியை வைத்தேன். நண்பரின் கேரக்டர் இரண்டாவது செஷனிலேயே போய்ச் சேர்ந்தது. அவர் கோபிக்கவில்லை, "நான் என்ன செய்திருக்கணும்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம்: குப்பி பொய் சொல்லும் என்றால், குப்பிக்கு வெளியே ஏதாவது ஒன்று உண்மை சொல்ல வேண்டும். குகையில் காயம் பட்டு, அழுக்குத் துணியால் கட்டுப் போட்டுக்கொண்டு நாலு காப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்). பக்கத்து அலமாரியில் ஹீலிங் போஷன் மூடி திறக்காமல் இருக்கிறது. ஏன் குடிக்கவில்லை? இந்தக் கேள்வி ஒரு பிளேயருக்காவது தோன்றினால் ஆட்டம் நியாயமானது. வேறு துப்பு வேண்டுமென்றால் பழைய காலத்துக்குப் போகலாம். அர்த்தசாஸ்திரத்தில் விஷத்தின் அருகில் குயில் செத்துவிடும், சகோரப் பறவையின் கண் நிறம் மாறும் என்று எழுதியிருக்கிறது. மருந்துக் கடைக்காரரின் கூண்டில் அப்படி ஒரு பறவையை வைத்துப் பாருங்கள், அடுத்த செஷனில் அதை யாராவது விலைக்குக் கேட்பார்கள்.

கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கு இந்த இரண்டு கேள்விப் பாடத்தை நெட்ஹேக் நன்றாகவே கற்றுத்தரும். 1987இல் வந்த ஆட்டம், இன்னும் ஆடுகிறார்கள். ஒவ்வொரு புது ஆட்டத்திலும் எந்த நிறம் எந்த போஷன் என்று மாற்றிப் போட்டுவிடும், தண்ணீர் மட்டும் எப்போதும் நிறமற்றது. யூனிகார்ன் கொம்பைக் குப்பியில் முக்கினால் சிக்னெஸ் போஷன் பழச்சாறாக மாறும், குழப்பம், குருடு, பிரமை தருபவை தண்ணீராகும். மற்றவை அப்படியே இருக்கும். கொம்பு "இது என்ன" என்று சொல்வதில்லை, "இது அந்தக் கெட்ட நாலில் ஒன்றா" என்று மட்டும் சொல்லும். அதற்கப்புறம் கடைக்காரர் கேட்கும் விலையை வைத்து மிச்சத்தைச் சுருக்கிக்கொண்டு வரலாம்.

இத்தனைக்கும் பிறகு யாராவது குடித்துவிட்டால்: பாலடின் லே ஆன் ஹேண்ட்ஸ் என்ற தொட்டுக் குணப்படுத்தும் திறனில் 5 புள்ளி செலவழித்தால் ஒரு விஷம் முறியும். முதல் லெவல் பாலடினிடம் சரியாக அந்த ஐந்துதான் இருக்கும், காலையில் சிராய்ப்புக்கு வீணடிக்காதீர்கள். லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன், ப்ரொடெக்ஷன் ஃப்ரம் பாய்சன் இரண்டும் விஷத்தை முறிக்கும் இரண்டாம் லெவல் மந்திரங்கள். 50 பொற்காசு ஆன்டிடாக்சின் என்ற முறிமருந்தை முன்கூட்டியே குடித்திருந்தால் ஒரு மணி நேரம் சேவில் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி நல்லதை எடுப்பது), ஆனால் முதல் 3டி6ஐ அது தடுக்காது. வேறு வழியே இல்லாமல் ஒருவர் குடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் ட்வார்ஃபை (குள்ளர் இனப் பாத்திரத்தை) கூப்பிடுங்கள். விஷ டேமேஜ் பாதி, சேவில் அட்வான்டேஜ். எங்கள் ட்வார்ஃப் இதற்குக் கூலியாக ஒரு பீப்பாய் பியர் கேட்பார், கொடுத்துவிடுவோம்.

ஆக, உங்கள் ஐந்து குப்பிகளையும் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் ஒரு அடி இடைவெளி விட்டு வையுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். க்ளெரிக் டிடெக்ட் பாய்சனை ரிச்சுவலாகப் போடட்டும், அது முடிந்ததும் விசார்ட் டிடெக்ட் மேஜிக் போடட்டும். இரண்டிலும் தேறியவற்றை ஒருவர் ஒரு சொட்டு ருசி பார்க்கட்டும். சந்தேகம் மிஞ்சியதற்கு மட்டும் முத்து. ஸ்பீடும் இன்விசிபிலிட்டியும் வெரி ரேர் ரகம், ருசி பார்க்கிறேன் என்று பாதியைக் குடித்துவிடாதீர்கள். சிவப்பு இரண்டில் ஒன்று விஷம் என்று தெரிந்தால் கொட்டாதீர்கள், அடுத்த முறை உங்களைச் சிறைபிடிக்கும் காவலாளி ஹீலிங் போஷனைப் பறித்துக்கொள்வான் அல்லவா? அதன் கழுத்தில் மட்டும் ஒரு கறுப்பு நூல் கட்டி வையுங்கள், இருட்டில் தடவினாலும் தெரிகிற மாதிரி.